மூன்று உதைகள்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்க நீச்சல் வீரர் கேமரன் வான் டர் பர்க் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (மார்பு நீச்சல்) தங்கத்தை, மறைந்த நண்பரான நார்வே நீச்சல் வீரர் அலெக்சாண்டர் டாலே ஓயனுக்குச் சமர்ப்பித்ததை நெகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். அந்தப் போட்டியில் விதியை மீறியதாக அவரே ஒப்புக்கொண்டாரே, அதை ஏன் எழுதவில்லை? என் மகளும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பழகுகிறாள். அவளிடம் நான் என்ன சொல்வது?

செல்வி

அன்புள்ள செல்வி,

எழுதியிருக்க வேண்டும். விட்டது என் பிழை.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் குதித்ததும் நீருக்கடியில் இரு கால்களையும் சேர்த்து மீன்வால்போல் அடிக்கும் டால்பின் கிக் அன்று ஒன்றுதான் அனுமதி. அவர் மூன்று அடித்தார். 58.46 விநாடி, உலக சாதனை. நடுவர்களிடம் நீருக்கடிக் கேமரா இல்லை. சில நாள் கழித்துப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். எல்லோரும் செய்கிறார்கள், செய்யாதவர் பின்தங்குவார் என்றார்.

அந்த 'எல்லோரும்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. பக்கத்துப் பாதையில் விதிப்படி நீந்தியவன் ஒருவன் இருந்திருந்தால் அவனையும் அது திருடனாக்கிவிடுகிறது. ஒப்புக்கொண்டதைத் துணிவு என்றும் சொல்ல மாட்டேன். பதக்கம் போகாது என்ற நிலையில் வந்த வாக்குமூலம் அது. ஆனால் நீருக்கடிக் கேமராவை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று அவரே ஆதரித்துப் பேசினார். தனக்குக் கிடைத்த ஆதாயத்தின் கதவைத் தானே அடைக்கச் சொன்னவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நண்பனுக்காக அவர் பட்ட துயரமும் பொய்யல்ல. 26 வயதில், ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் முன்பு, பயிற்சி முகாமில் இறந்துபோனவர் டாலே ஓயன்.

மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே அமெரிக்க நீச்சல் வீரர் பிரெண்டன் ஹான்சனைப் பற்றியும் சொல்லுங்கள். 2004 ஏதென்ஸில் ஜப்பானின் கிட்டஜிமாவிடம் 0.17 விநாடியில் தங்கத்தை இழந்தவர். அப்போது டால்பின் கிக்குக்கே அனுமதி கிடையாது. கிட்டஜிமா அடித்தார் என்று வெளிப்படையாகக் கொதித்தவர் ஹான்சனின் அணித்தோழர் ஏரன் பீர்சல். மறு ஆண்டு ஒரு கிக்கை அனுமதித்து விதியையே மாற்றினார்கள். ஹான்சன் 2008க்குப் பிறகு ஓய்வு பெற்று, மனம் கேட்காமல் திரும்பி வந்து, 30 வயதில் லண்டனில் அதே 100 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். நான் அன்று எழுதியிருக்க வேண்டியது அவரைப் பற்றியும்தான்.