தொல்லியல் கேள்வி – பதில்: குழி வெட்டாமல் கற்பிக்க முடியுமா?

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இணையவழியில் தொல்லியல் கற்பிப்பது குறித்து வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். கீழடி என்றாலே மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆனால் அவ்வளவு தூரம் அழைத்துச் செல்லப் பேருந்துச் செலவுக்கே வழியில்லை. வாரம் ஒருநாள் மாலையில் இணையவழி வகுப்பு நடத்தலாம் என்று எண்ணுகிறேன். மண்ணைத் தொடாமல் தொல்லியலைக் கற்பிப்பது முறையாகுமா?
– ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தாராளமாகக் கற்பிக்கலாம். அகழாய்வில் ஒரு குழியை ஒருமுறைதான் வெட்ட முடியும். வெட்டி முடித்தபின் அந்த மண்ணடுக்குகளைப் பழையபடி அடுக்கிவைக்க எவராலும் இயலாது. எஞ்சுவன பதிவேடு, வரைபடம், புகைப்படம், எடுத்த பொருள்கள் ஆகியவை மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தைப் பற்றி எழுத வரும் ஆய்வாளரும் உங்கள் மாணவர்களைப் போலவே அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டுதான் சிந்தித்தாக வேண்டும். ஆகவே ஒரு பொருள் எங்கே, எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்று பதிவுகளிடம் கேட்கப் பழக்குவதே பள்ளியில் நாம் செய்ய வேண்டிய வேலை. அதற்குத் திரை போதும்.

மணல் தொட்டியில் பொம்மைகளைப் புதைத்துத் தோண்டச் சொல்லும் விளையாட்டையும், அதையே புள்ளி சேர்க்கும் போட்டியாக மாற்றிய கணினி விளையாட்டுகளையும் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். பொருளைக் கண்டெடுத்தவரே வென்றவர் என்ற எண்ணத்தை அவை பிள்ளைகளின் மனத்தில் ஊன்றிவிடுகின்றன. புதையல் தேடி இடுகாடுகளைக் குடைவோரின் எண்ணமும் அதுவேதான்.

முதல் வகுப்பிற்கு ஒரே ஒரு படம் போதும். ஒரு குழியின் பக்கச் சுவரை வெள்ளைத்தாளில் வரைந்து, மேலிருந்து கீழாக நான்கு அடுக்குகளைக் காட்டி எண்ணிடுங்கள். மூன்றாம் அடுக்கின் மேற்பரப்பிலிருந்து தொடங்கி, நான்காம் அடுக்கையும் துளைத்துக்கொண்டு ஓர் உறைகிணறு (சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கிணறு) கீழே இறங்குவதாக வரையுங்கள். கிணற்றின் அடியில், மூன்று மீட்டர் ஆழத்தில், ஒரு பாசிமணி கிடக்கட்டும். கிணற்றுக்கு வெளியே, நான்காம் அடுக்கில், இரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு பானை ஓடு கிடக்கட்டும். இவற்றில் எது முதலில் மண்ணுக்குள் வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். ஆழத்தில் இருப்பதே பழையது என்று கேள்விப்பட்டிருப்பதால் பெரும்பாலோர் மணியைத்தான் சொல்வார்கள். கிணறு வெட்டியவர்கள் எந்த அடுக்கின்மேல் நின்று வெட்டினார்கள் என்று அடுத்து கேட்டால், வகுப்பு தானாகவே விடையை நோக்கி நகரும். அவர்கள் நின்றது மூன்றாம் அடுக்கின்மேல். அப்போதே நான்காம் அடுக்கு ஓட்டோடு மண்ணுக்குள் கிடந்தது. மணி விழுந்தது கிணறு வெட்டிய பிறகு. மணி எப்போது செய்யப்பட்டது என்பது தனிக் கேள்வி, ஏனெனில் பாட்டியின் கழுத்தில் கிடந்த பழைய மணியைப் பேத்தி தவறவிட்டிருக்கவும் கூடும். கீழடியில் உறைகிணறுகள் உண்மையிலேயே கிடைத்திருப்பதால், களத்தில் இருப்போர் நாள்தோறும் தீர்க்க வேண்டிய சிக்கலைத்தான் உங்கள் மாணவர்களும் தீர்க்கிறார்கள். தந்தையின் கைபேசி இரவில்தான் பிள்ளையின் கைக்கு வருகிறது என்றால், படத்தை முன்னதாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பி, விடையைக் குரல்பதிவாகப் பெற்றுக்கொள்ளலாம். நேரலையில் காரணங்களை மட்டும் விவாதித்தால் போதும்.

இரண்டாவது பயிற்சியைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். வீட்டில் உடைந்த மண்பானையின் வாய்விளிம்புத் துண்டு ஒன்றை எடுத்துத் தாளின்மேல் கவிழ்த்துவைத்து, விளிம்பு முழுவதும் தாளில் படிந்த நிலையில் அதன் வெளிவளைவைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். வளைவின் இரு முனைகளையும் இணைத்தால் வட்டத்தின் நாண் கிடைக்கும். நாணின் நடுவிலிருந்து வளைவு வரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் வந்துவிடும்; பிதாகரஸ் தேற்றத்திலிருந்து இதை மாணவர்களே வருவிக்கலாம். நாண் 8 செ.மீ., உயரம் 1 செ.மீ. என்றால் ஆரம் 8.5 செ.மீ., பானையின் வாய் விட்டம் 17 செ.மீ. உயரத்தை 0.9 செ.மீ. என்று அளந்துவிட்டாலோ விட்டம் 18.7 செ.மீ. ஆகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏறக்குறைய 2 செ.மீ. மாறும் என்பதைத் தம் கையாலேயே கண்ட மாணவர், தொல்லியல் அறிக்கையில் வரும் எந்த எண்ணையும் பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமாட்டார். ஓட்டின் அருகில் அளவுகோலை வைத்து, நேர்மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவுகோல் இல்லாத படத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கீழடியிலேயே நிற்கவும் வேண்டாம். உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கிற்குக் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு வந்திருக்கிறது. மல்லச்சந்திரத்தில் கற்திட்டைகள், அதாவது பெரிய கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச் சின்னங்கள், நிற்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ‘தகவலாற்றுப்படை’ தளத்தில் தமிழகத் தொல்லியல் இடங்களைப் பற்றிய குறிப்புகள் தமிழிலேயே உள்ளன. இஸ்ரோவின் ‘புவன்’ தளத்திலோ கூகுள் எர்த்திலோ தம் ஊரைத் தேடி, ஏரி, பாறைக்குன்று, பழைய ஊர்மேடு ஆகியவை ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்று வரைந்து பார்ப்பது, நீண்ட காணொலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மிகுந்த பயன் தரும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் உழும்போது தடித்த சிவப்பு ஓடுகள் மேலே வருகின்றன. ஓரிடத்தில் பெரிய பானையின் வாய் போல வட்டமாகத் தெரிகிறது. யூடியூபில் ஒருவர் இப்படிப்பட்டதைத் தோண்டி எடுத்துக் காட்டினார். நானும் எடுத்து எங்கள் இணைய வகுப்பில் காட்டலாமா?
– மாணவி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தயவுசெய்து தோண்டாதீர்கள். ஆதிச்சநல்லூரும் சிவகளையும் உள்ள மாவட்டத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் கண்டது முதுமக்கள் தாழியாக, அதாவது இறந்தோரைப் புதைக்கப் பயன்பட்ட பெரிய பானையாக, இருக்க வாய்ப்புண்டு. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லை ஆய்வகத்திற்கு அனுப்பித்தான் கி.மு. 1155 என்ற காலத்தைக் கண்டறிந்தார்கள். தாழியை வெளியே எடுத்து, உள்ளே இருந்த மண்ணை உதறிக் கொட்டியிருந்தால் அந்த நெல்மணிகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது. யூடியூபில் தோண்டிக் காட்டியவர் பானையைக் காப்பாற்றியதாக நினைத்திருக்கலாம், ஆனால் அதன் வரலாற்றை அங்கேயே கொட்டிவிட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வட்டத்தின் அருகே அளவுகோல் வைத்து அருகிலிருந்து ஒரு படமும், கிணறு, மரம், வரப்பு ஆகியவை தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படமும் எடுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று குறியுங்கள். தேதி, உழுத ஆழம், மண்ணின் நிறம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மேலே கிடக்கும் ஓடுகளையும் படம் எடுத்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வகுப்பில் இந்தக் குறிப்பேட்டைக் காட்டினால், தாழியையே தூக்கி வந்து காட்டியதைவிட உங்கள் தோழர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள். இடத்தின் அடையாளத்தைச் சமூக ஊடகங்களில் மட்டும் வெளியிட வேண்டாம்.

பெற்றோரிடம் சொல்லி, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். மண்ணில் புதைந்து கிடக்கும் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமே கூறுகிறது. நிலம் போய்விடுமோ என்ற அச்சம் வீட்டில் எழலாம். தகவல் சொன்னதற்காக எவருடைய நிலமும் பறிபோவதில்லை. கீழடியிலும் உரிமையாளர்கள் இசைந்து கொடுத்த தனியார் நிலங்களில்தான் குழிகள் வெட்டப்பட்டன.

கேள்வி: வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் வகுப்பு எடுக்கிறோம். கீழடியை ‘உலகின் முதல் நாகரிகம்’ என்று சொல்லிக்கொடுக்குமாறு சில பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளோ ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் திணறுகிறோம்.
– தன்னார்வ ஆசிரியை, டொராண்டோ

பதில்: பிள்ளைகளின் பக்கம் நில்லுங்கள். ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் பிள்ளைக்குத் தொல்லியலின் பாதி வந்துவிட்டது. ‘உலகின் முதல்’ என்பதற்குச் சான்று இல்லை. சிந்துவெளி நகரங்கள் கீழடிக்குக் கணிக்கப்பட்ட கி.மு. ஆறாம் நூற்றாண்டிற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முற்பட்டவை, மெசப்பொத்தேமிய நகரங்கள் அவற்றிற்கும் முற்பட்டவை. பெற்றோரின் பெருமித உணர்வை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பள்ளியில் உலக வரலாறு படிக்கும் பிள்ளை அந்தக் கூற்று தவறென்று ஒருநாள் கண்டுகொள்ளும்போது, நாம் சொல்லிக்கொடுத்த மற்ற உண்மைகளையும் சேர்த்தே ஐயுறும். கீழடி தரும் உண்மையான செய்தியே போதிய அளவு பெரியது. சாதாரணப் பானைகளின் மேல் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர்களைக் கீறிவைத்த மக்கள் வைகைக் கரையில் வாழ்ந்தார்கள்.

காலக்கணிப்பை ஒரு முழு வகுப்பாக எடுங்கள். 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையின்படி, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரி ஒன்று கி.மு. 580 என்ற காலத்தைத் தந்தது. கரியில் உள்ள, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன் 14 பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள் ஆகும் என்று சொல்லி ஒரு வரைகோட்டை வரையச் செய்தால், 2500 ஆண்டுப் பழமையான கரியில் ஏறத்தாழ 74 விழுக்காடு எஞ்சியிருக்கும் என்று பிள்ளைகளே படித்துவிடுவார்கள். பிறகு கடினமான பகுதிக்கு வாருங்கள். வளிமண்டலத்தில் இந்தக் கார்பனின் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை; ஆகவே மரவளையங்களைக் கொண்டு அமைத்த திருத்தக் கோட்டோடு ஆய்வக எண்ணை ஒப்பிட வேண்டும். அந்தக் கோடு கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையில் ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அதனால் அந்த நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரே ஒரு மாதிரி, குறிப்பிட்ட ஓர் ஆண்டைச் சுட்டாமல் நீண்ட கால வீச்சையே தரும். பல மாதிரிகளும், அவை கிடந்த அடுக்குகளின் வரிசையும், பானைகளின் வகையும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் காலம் உறுதிப்படுகிறது. மேலும், கணிக்கப்பட்டது கரியின் காலம். பக்கத்தில் கிடந்த ஓட்டிற்கு அதைப் பொருத்துவது ஆய்வாளர் செய்யும் வாதம். கீழடியின் முதல் இரு கட்ட அகழாய்வுகள் பற்றி 2023-இல் அளிக்கப்பட்ட அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025-இல் கேட்டபோது எழுந்த விவாதமும் பெரும்பாலும் இந்த வாதத்தைப் பற்றியதே. இவ்வளவும் தெரிந்தபின் அந்த விவாதத்தின் இரு தரப்பையும் பிள்ளைகளே எடுத்துப் பேசட்டும்.

உங்கள் வகுப்பில் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையின் படத்தையும் திரையில் காட்டுங்கள். மேல் வரிசையில் குறியீடுகளும் கீழே பிராமி எழுத்துகளும் உள்ள சிறிய முத்திரை அது. அந்தக் குறியீடுகளைத் தமிழகத்துப் பானை ஓடுகளின் கீறல் குறியீடுகளோடு ஒப்பிட்டு, எவை ஒத்தவை, எவை ஒத்தவை போலத் தோன்றுபவை என்று பிரிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் இணையவழித் தொல்லியல் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறான். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?
– பெற்றோர், ஈரோடு

பதில்: அரசுத் தொல்லியல் பணியிடங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளி வயதில் பெறும் இணையவழிச் சான்றிதழுக்கு வேலைவாய்ப்பில் தனி மதிப்பும் கிடையாது. இளங்கலைக்குப் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையைப் படிக்கலாம். தமிழ்நாடு தொல்லியல் துறையும், இந்தியத் தொல்லியல் துறையின் கிரேட்டர் நொய்டா நிறுவனமும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புகளை நடத்துகின்றன. எலும்பு, மகரந்தம், உலோகம், மண் ஆகியவற்றை ஆராய உயிரியலும் வேதியியலும் நிலவியலும் படித்தவர்கள் தேவைப்படுவதால், அறிவியல் பிரிவு எடுத்தால் தொல்லியலை விட்டு விலகிப் போவதாக எண்ண வேண்டாம். வரலாற்றுப் பிரிவு எடுத்தாலும் வழி அடைபடாது. எந்தப் பிரிவானாலும் தமிழி (தமிழ்-பிராமி), வட்டெழுத்து ஆகிய பழைய எழுத்துமுறைகளை இப்போதே படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள். ஈரோடு மாவட்டத்திலேயே உள்ள கொடுமணலில் கிடைத்த தமிழிப் பொறிப்புள்ள ஓடுகளின் படங்களை வைத்துக்கொண்டே முதல் எழுத்துகளை அவர் கற்றுவிடலாம்.