விசில் ஊதுகிறவர் பாடு: வாசகர் கேள்வி பதில்

அயர்லாந்து வாசகர்களிடமிருந்து இந்த முறை வரிசையாக அந்த நாட்டின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பால் கேள்விகள். அதிலும் நடுவர்கள் மீதுதான் எல்லோருக்கும் கோபம். சரி, ஒரே இதழில் தீர்த்துவிடுவோம்.

கே: என் மகன் கிளப்பில் அண்டர்-14 ஆடுகிறான். பந்து வைத்திருக்கும் பையனை நாலு பேர் சுற்றி வளைக்கிறார்கள். ஒரு வாரம் நடுவர் அந்தப் பையனுக்கு ஃப்ரீ (ஃப்ரீ கிக்) கொடுக்கிறார். மறுவாரம் வேறொரு நடுவர், அதே மாதிரி காட்சி, ஃப்ரீ எதிரணிக்குப் போகிறது. எல்லோருக்கும் ஒரே சட்டப் புத்தகம்தானே?
— வாசகி, கால்வே

ஒரே புத்தகம்தான், ஆனால் வில்லங்கமே அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ரக்பியில் ஆளையே கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். சாக்கரில் காலால் பந்தைத் தட்டிப் பறிக்கலாம். கேலிக்கில் பந்து பெரும்பாலும் கையில் இருக்கும், ஆனால் ஆளைப் பிடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, கையிலிருந்து பந்தைப் பிடுங்கவும் கூடாது. விரித்த கையால் பந்தைத் தட்டிவிடலாம், தோளோடு தோள் இடிக்கலாம், அவ்வளவுதான். பந்து வைத்திருப்பவருக்கும் கெடுபிடி உண்டு: நான்கு காலடிக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓட முடியாது, அதற்குள் தரையில் தட்டியோ காலால் உதைத்துக் கைக்கு எடுத்தோ ஆக வேண்டும், தரையில் தட்டுவதை அடுத்தடுத்து இரண்டு முறை செய்யவும் கூடாது.

இப்போது உங்கள் மகனை அந்த நாலு பேருக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். ஒருவன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்திருக்கிறான், இன்னொருவன் பந்தைத் தட்டும் சாக்கில் மணிக்கட்டில் அடிக்கிறான், மூன்றாமவன் வழியை அடைத்து நிற்கிறான், இதற்குள் உங்கள் மகன் ஐந்தாவது அடியும் எடுத்து வைத்துவிட்டான். அதாவது இரண்டு பக்கமும் ஒரே நொடியில் தப்பு செய்துவிட்டார்கள். எது முதலில் நடந்தது என்பதை ஒரு மனிதர் இருபது மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். சட்டையைப் பிடித்தது கண்ணில் பட்டால் உங்கள் மகனுக்கு ஃப்ரீ, அடிக் கணக்கு கண்ணில் பட்டால் எதிரணிக்கு. இந்தத் தடுப்பாட்டத்தைத் தெளிவாக வரையறுக்காத வரை நடுவருக்கு நடுவர் தீர்ப்பு மாறத்தான் செய்யும். அதைத் திறமைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கே: கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் பெரியவர்கள் யார்? அவர்களும் நடுவர்களா?
— வாசகர், லிமெரிக்

அம்பயர்கள். ஒரு முனைக்கு இரண்டு பேர், மொத்தம் நான்கு பேர். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் நடுவரே அவர்களைத் தன்னோடு அழைத்து வருவார். அண்ணன், மாமா, கிளப் நண்பர் என்று ஒரே காரில் வந்து இறங்குவார்கள். கோலுக்கு (மூன்று பாயின்ட்டுக்குச் சமம்) பச்சைக் கொடி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போகும் பாயின்ட்டுக்கு வெள்ளைக் கொடி, 2025 முதல் நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடிக்கும் இரண்டு பாயின்ட்டுக்கு ஆரஞ்சுக் கொடி. இவர்கள் கண்ணை நம்பாமல்தான் டப்ளினின் பெரிய மைதானமான குரோக் பார்க்கில் 2013-ல் ஹாக்-ஐ என்ற கேமரா தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவும் 2022 அகில அயர்லாந்து அரையிறுதியில் கால்வேயின் ஷேன் வால்ஷ் அடித்த ஒரு நல்ல பாயின்ட்டை வெளியே போனதாகச் சொல்லிவிட்டது, இடைவேளையில் கணக்கைத் திருத்திச் சேர்த்தார்கள். மாமாவின் கண்ணே மேல் என்று அன்று பலருக்குத் தோன்றியிருக்கும்.

கே: கறுப்பு அட்டை எதற்கு? மஞ்சளும் சிவப்பும் போதாதா?
— வாசகர், கார்க்

போதவில்லை. 2013 அகில அயர்லாந்து காலிறுதியில் மோனகனின் கானர் மக்மேனஸ் கோலை நோக்கித் தனியாக ஓடுகிறார், டைரோனின் ஷான் கவனா பின்னாலிருந்து பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கிறார். கிடைத்த தண்டனை ஒரு மஞ்சள் அட்டை. ஜெயித்தது டைரோன். தொலைக்காட்சியில் விமர்சகர் ஜோ ப்ராலி கொதித்துப்போய்ப் பேசியது அன்றைய ஆட்டத்தைவிட அதிகம் பேசப்பட்டது. ஆனால் கவனா செய்தது கணக்குப் பார்த்தால் சரியான வேலை: ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்து ஒரு கோலைத் தடுப்பது லாபம்தானே.

இந்த லாபக் கணக்கை முறிக்கத்தான் கறுப்பு அட்டை. அதற்கான தீர்மானம் அந்த ஆட்டத்துக்கு முன்பே, ஆட்டத்தை நடத்தும் ஜிஏஏ சங்கத்தின் அந்த ஆண்டு மாநாட்டில் நிறைவேறியிருந்தது, நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். வேண்டுமென்றே இழுத்துச் சாய்ப்பது, காலை இடறிவிடுவது, பந்து போன பிறகு வந்து மோதுவது மாதிரியான குற்றங்களுக்கு இது. ஆனால் முதல் வடிவம் அரைகுறை. ஆள் வெளியே போவார், பதிலுக்கு இன்னொருவர் உள்ளே வருவார், அணி பதினைந்து பேரோடு அப்படியே இருக்கும். பெஞ்சில் நல்ல ஆட்கள் வைத்திருக்கும் பெரிய கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அணிக்கு இது ஒரு தண்டனையா?

2017 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களைத் தேடிப் பாருங்கள். ஆட்டம் சமநிலையில் நிற்கிறது, டப்ளினின் டீன் ராக் ஃப்ரீ அடிக்க ஓடி வருகிறார், மேயோவின் லீ கீகன் தன் சட்டைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்து அவர் மேல் வீசுகிறார். ராக் அசரவில்லை, பாயின்ட். அடுத்து கோல்கீப்பர் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-அவுட்டில் மேயோ ஆட்டக்காரர்களுக்குப் பந்து கிடைத்துவிடக் கூடாது என்று டப்ளின் ஆட்கள் ஆளுக்கொருவரைப் பிடித்துப் புல்லில் உருட்டுகிறார்கள். கியரான் கில்கென்னிக்குக் கறுப்பு அட்டை, போட்டி முடிய நொடிகள்தான் பாக்கி, யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு பாயின்ட்டில் டப்ளின் கோப்பையைத் தூக்கியது. 2020-ல்தான் புத்தி வந்து, கறுப்பு அட்டை வாங்கினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், பதில் ஆள் கிடையாது என்று மாற்றினார்கள். இப்போது கொஞ்சம் வலிக்கிறது. கடைசி நிமிடத்தில் மட்டும் இன்னும் வலிப்பதில்லை.

கே: என் பக்கத்து வீட்டுக்காரர் லவுத் ரசிகர். 2010 என்று சொன்னாலே முகம் சிவக்கிறார். அப்படி என்ன நடந்தது?
— வாசகி, டிராகெடா

லென்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டி, மீத் எதிரி. லவுத் கடைசியாக லென்ஸ்டர் பட்டம் வாங்கியது 1957-ல், அதனால் அன்று குரோக் பார்க்கில் ஒரு கவுண்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காயங்களுக்காகச் சேர்த்த நிமிடங்களும் முடியப் போகின்றன, லவுத் ஒரு பாயின்ட் முன்னிலை. கோல் வாயில் பெரிய தள்ளுமுள்ளு, மீத்தின் ஜோ ஷெரிடன் பந்தைக் கையில் வைத்தபடியே கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறார். கையோடு கொண்டுபோனதால் அது கோல் இல்லை என்பது மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும். நடுவர் கோல் கொடுத்தார். மீத் 1-12 (ஒரு கோல், 12 பாயின்ட்), லவுத் 1-10. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி நடுவரைத் தாக்கினார்கள், பார்க்கவே வெட்கமாக இருந்த காட்சி அது.

நடுவர் பிறகு தன் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் ஆட்டத்தில் நடுவர் கொடுத்த கோலை ஆட்டம் முடிந்த பிறகு யாரும் அழிக்க முடியாது. மறு ஆட்டம் ஆடுவதா என்பதை மீத் அணியின் நல்லெண்ணத்துக்கு விட்டார்கள், மீத் ஆடவில்லை. எனக்கு இதில் நடுவர் மேல் இருப்பதைவிட, இந்த முடிவைப் பாதிக்கப்பட்டவரிடமும் இல்லாமல் சங்கத்திடமும் இல்லாமல் ஜெயித்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்த நிர்வாகத்தின் மேல்தான் கோபம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் 2025 பற்றிக் கேளுங்கள், முகம் மலரும். லென்ஸ்டர் இறுதியில் அதே மீத்தை வீழ்த்தி 68 வருடத்துக்குப் பிறகு பட்டம் வாங்கினார்கள்.

கே: சிவப்பு அட்டை வாங்கியவர் அடுத்த போட்டியில் எப்படி ஆடுகிறார்? நம் ஊர் கோர்ட் வாய்தா மாதிரி இருக்கிறதே!
— வாசகர், டப்ளின்

உவமையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கவுண்டிகளுக்கு இடையிலான போட்டி என்றால், போட்டிக் கட்டுப்பாட்டுக் குழு தண்டனையை முன்மொழியும். ஏற்க மாட்டேன் என்றால் விசாரணைக் குழு. அங்கே தோற்றால் மேல்முறையீட்டுக் குழு. அதற்கும் மேலே டிஆர்ஏ என்ற சமரசத் தீர்ப்பாயம், ஹைகோர்ட்டுக்கு வழக்குகள் போவதைத் தடுக்க 2005-ல் உருவாக்கியது.

2015-ல் டப்ளினின் டியர்மட் கானலி மேயோவுக்கு எதிரான அரையிறுதியில் லீ கீகனை அடித்ததாகச் சிவப்பு அட்டை வாங்கினார். ஆட்டம் டிரா, ஒரே வாரத்தில் மறு ஆட்டம். ஒவ்வொரு குழுவாகத் தோற்றுக்கொண்டே மேலே போய், மறு ஆட்டத்தன்று விடிவதற்கு முந்தைய நேரத்தில் டிஆர்ஏ இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தடையை நீக்கியது. அன்று மாலை ஆடினார். அடித்தாரா இல்லையா என்பதைவிட நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதுதான் அங்கே கேள்வியாகிவிடுகிறது. வசதியுள்ள கவுண்டிக்கு நல்ல வக்கீல் கிடைப்பார், ஜூனியர் கிளப் பையன் பேசாமல் தடையை அனுபவிப்பான். அதே கானலி 2017-ல் லைன்ஸ்மேன் மேல் கை வைத்ததற்கு 12 வாரத் தடை வாங்கினார், அதை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கே: 2025 புது விதிகளால் ஒழுங்கு வந்துவிட்டதா?
— வாசகர், கில்கென்னி

மட்டையால் ஆடும் ஹர்லிங்குக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஃபுட்பால் கேள்வி கேட்கும் உங்கள் தைரியத்துக்கு முதலில் ஒரு வணக்கம்.

வந்திருக்கிறது, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே. ஜிம் கேவின் தலைமையிலான குழு பரிந்துரைத்த மாற்றங்களில் பேசப்பட்டதெல்லாம் இரண்டு பாயின்ட் வளைவும், மைதானத்தின் ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு மூன்று பேராவது நின்றே ஆக வேண்டும் என்பதும்தான். எனக்குப் பிடித்தது ஐம்பது மீட்டர். முன்பெல்லாம் ஃப்ரீ எதிரணிக்கு என்றதும் பந்தைக் கொடுக்காமல் கட்டிக்கொண்டு நிற்பது, நாலு மீட்டர் தள்ளி உருட்டிவிடுவது, நடுவரைச் சுற்றி ஆறு பேர் கையை விரித்துக்கொண்டு கத்துவது, இதெல்லாம் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. இப்போது பந்தை உடனே எதிராளி கையில் கொடுக்க வேண்டும், நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும். மீறினால் ஃப்ரீ ஐம்பது மீட்டர் முன்னே போகும். நடுக்களத்தில் நடந்த ஒரு சின்ன வாய்ச்சண்டை சட்டென்று கோலுக்கு எதிரே ஒரு சுலபமான பாயின்ட் ஆகிவிடும், வேண்டுமானால் பந்தை வளைவுக்கு வெளியே எடுத்துவந்து இரண்டு பாயின்ட்டுக்கும் முயலலாம்.

நாலு அடுக்குக் குழுக்களாலும் வழக்குகளாலும் வராத ஒழுங்கு ஒரு சீசனில் வந்ததற்குக் காரணம், தண்டனை அங்கேயே, அப்போதே, சக ஆட்டக்காரர்கள் முறைக்கும்படி விழுகிறது. இதற்கு மேல்முறையீடும் கிடையாது. கத்தியவனைத் திட்டுவது நடுவர் இல்லை, அவனுடைய சொந்த மேனேஜர்! பெரிய போட்டிகளில் கடிகாரத்தையும் நடுவர் கையிலிருந்து எடுத்து ஹூட்டரிடம் கொடுத்துவிட்டதால், "இன்னும் எத்தனை நிமிஷம்?" என்ற நச்சரிப்பும் போனது. ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாக்களை ஐம்பது மீட்டர் பின்னால் தள்ள இன்னும் விதி வரவில்லை.

கே: நடுவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?
— வாசகி, ஸ்லைகோ

சம்பளமே இல்லை, பயணச் செலவு மாதிரி கொஞ்சம். ஆட்டக்காரர்களைப் போலவே அவர்களும் அமெச்சூர்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். ஏச்சு மட்டும் புரொஃபஷனல் தரத்தில் கிடைக்கும். 2019 டப்ளின்-கெர்ரி இறுதிக்கு டேவிட் காஃபை நியமித்தபோது, மீத் கவுண்டிக்காரரானாலும் அவர் டப்ளினில் வசிப்பதைச் சுட்டிக்காட்டி, டப்ளின் ஆட்டத்துக்கு அவர் எப்படி என்று கெர்ரி பக்கம் முன்கூட்டியே பேச்சைக் கிளப்பினார்கள். ஆட்டத்தில் அவர் முதல் பாதியிலேயே வெளியே அனுப்பியது டப்ளின் ஆளை.

கே: பெண்கள் ஆண்கள் போட்டிக்கு நடுவராக வர முடியுமா?
— வாசகி, கேவன்

உங்கள் கவுண்டியிலேயே வந்துவிட்டார்கள். 2021 கேவன் சீனியர் இறுதியை நடத்தியவர் மேகி ஃபேரலி, ஆண்கள் சீனியர் கவுண்டி இறுதிக்கு நடுவரான முதல் பெண் அவர்தான்.

கே: நானும் நடுவராகலாமா? வயது 41, ஆட்டம் ஆடியதில்லை.
— வாசகர், நேவன்

தாராளமாக. கிளப் செயலாளரிடம் சொல்லுங்கள், ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள், வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். கவுண்டி நடத்தும் பயிற்சி வகுப்பு இருக்கிறது, சிறுவர் ஆட்டங்களில்தான் தொடங்குவீர்கள். குழந்தைகளோடு வேலை என்பதால் கார்டா (அயர்லாந்து போலீஸ்) சரிபார்ப்பும் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். அந்தச் சரிபார்ப்புப் படிவத்தை முதலில் கொடுத்துவிடுங்கள், அதுதான் தாமதமாகும். ஓட்டப் பயிற்சியை நாளைக்கே தொடங்கலாம்.