மூல எழுத்தாளர் மறைந்த பிறகு வேறொருவர் எழுதும் துப்பறியும் நாவல்களைப் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். பழைய நடையை அச்சு அசலாகப் பிடித்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். மூலவர் தொடாமல் விட்ட எதையாவது புதியவர் தொடுகிறாரா என்று பாருங்கள்.

அந்தோணி ஹொரோவிட்ஸின் 'தி ஹவுஸ் ஆஃப் சில்க்' (2011) இங்கே புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய புத்தகக் குவியலில் எனக்குக் கிடைத்தது. கானன் டாயிலின் வாரிசுகள் அனுமதியோடு வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல். டாயில் கதைகளில் ஹோம்ஸ் தெருப் பையன்களுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து வேவு பார்க்க அனுப்புவார். அந்தப் பிள்ளைகள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்ற பேச்சே வராது. ஹொரோவிட்ஸ் அதைக் கையில் எடுக்கிறார். அப்படி அனுப்பிய சிறுவன் ஒருவனுக்கு நேரும் கதி ஹோம்ஸையே உலுக்கிவிடுகிறது. ஹோம்ஸின் நண்பர் வாட்சன் வயதான பிறகு அதை எழுதி, நூறு வருஷம் திறக்கக் கூடாது என்று பூட்டி வைக்கிறார். படித்து முடித்தபின் பழைய கதைகளில் அந்தப் பையன்கள் வரும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவை வைத்து சோஃபி ஹன்னா எழுதும் நாவல்கள் 'தி மோனோகிராம் மர்டர்ஸ்' (2014) முதல் வருகின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பெரியப்பா இவற்றைத் தொடவே மாட்டார். "1975-லயே 'கர்ட்டன்' நாவல்ல புவாரோவோட கதைய கிறிஸ்டியே முடிச்சுட்டாங்க. மறுபடி எழுப்பிவிட இவங்க யாரும்மா?" என்பார். ஹன்னா கதையை 1929-இல் தொடங்குவதால் அந்த முடிவுக்குப் பங்கமில்லை. கதை சொல்ல புவாரோவின் பழைய நண்பர் ஹேஸ்டிங்ஸுக்குப் பதில் கேட்ச்பூல் என்ற புதிய போலீஸ்காரரை வைத்ததும் நல்ல முடிவு. முடிச்சுகள்தான் அளவுக்கு மீறிப் போகின்றன. கிறிஸ்டியின் தீர்வை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், இதில் முடியாது.

எனக்கு மிகப் பிடித்தது டோரதி சேயர்ஸின் துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சிக்கு ஜில் பேட்டன் வால்ஷ் எழுதிய தொடர்ச்சி. சேயர்ஸ் 1936-இல் தொடங்கிப் பாதியில் விட்ட 'த்ரோன்ஸ், டாமினேஷன்ஸ்' நாவலை வால்ஷ் முடித்து, 1998-இல் வெளியிட்டார். அடுத்தது 'எ ப்ரிசம்ப்ஷன் ஆஃப் டெத்' (2002). போர்க்காலத்தில் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் சேயர்ஸ் எழுதிய விம்சி குடும்பக் கடிதங்களிலிருந்து அது கிளம்புகிறது. பீட்டருக்கும் மனைவி ஹேரியட்டுக்கும் வயதாகிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், போர் வீட்டுக்குள் வருகிறது. துப்பறிவாளரை வயது ஏறாத பொம்மையாக வைக்காமல் வாழவிடுகிறார் வால்ஷ்.

நம் கணேஷ்-வசந்துக்கும் இப்படி ஒருவர் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சுஜாதா 2008-இல் போய்விட்டார். அவர் நகைச்சுவையைப் போலி செய்யும் ஆள் வேண்டாம். வசந்த் சீனியர் வக்கீலாகி, தன்னிடம் வரும் ஜூனியரோடு இன்றைய சைபர் வழக்கு ஒன்றில் திணறுவதை எழுதத் தெரிந்தவர் வேண்டும்.

விம்சியில் தொடங்குவதானால் சேயர்ஸின் 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' (1937) முதலில் படியுங்கள். அதில் கல்யாணம் முடிந்த கையோடுதான் வால்ஷின் முதல் விம்சி புத்தகம் ஆரம்பிக்கிறது.