அனுபவத்துக்குப் பட்டம் கிடைக்குமா? லேத் பட்டறைத் தொழிலாளியின் தந்தைக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் ஒன்பது ஆண்டுகளாக லேத் எனும் கடைசல் இயந்திரம் ஓட்டிவரும் உங்கள் மகனுக்கு, அனுபவத்தைக் கணக்கில் காட்டி ஒரே ஆண்டில் பி.இ. பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. படிப்பும் தேர்வும் இன்றி, வேலை பார்த்த ஆண்டுகளுக்காக மட்டும் பி.இ. தருவதற்கு இங்கே வழியில்லை.

அதற்காக, அவர் உழைத்த ஒன்பது ஆண்டுகள் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாக, அதாவது கற்றலை அளக்கும் ஓர் அலகாகக் கொண்டு, பணி அனுபவத்துக்கும் அதில் இடம் அளிக்கிறது. ஆனால் முறையான மதிப்பீட்டில் தேறிய பிறகே அது கணக்கில் சேரும்.

உங்கள் மகனுக்கு இப்போதே கைகொடுக்கக்கூடிய வழி வேறொன்று. ஐ.டி.ஐ.யில் படிக்காதவர்களும், தம் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இருந்தால், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, தேசியத் தொழிற்சான்றிதழ் பெறலாம். அவருக்குப் பொருத்தமான பிரிவு, லேத்தில் கடைசல் வேலை செய்வோருக்கான டர்னர். செய்முறையில் அவர் தடுமாறமாட்டார் என்றே நம்புகிறேன்; பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர் என்பதால், எழுத்துத் தேர்வுக்குத்தான் இப்போதிருந்தே உட்கார வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அனுபவச் சான்றைப் பார்த்தேன். “நல்ல பையன், நம்பிக்கையானவன்” என்று முதலாளி மனதார எழுதியிருக்கிறார்; ஆனால் வேலையில் சேர்ந்த தேதி இல்லை, எந்த இயந்திரத்தில் என்ன வேலை செய்தார் என்பதும் இல்லை. இவை இரண்டையும் சேர்த்து, பட்டறையின் முத்திரையோடு புதிதாக வாங்குங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவு இருந்தால் அதன் நகலையும் எடுத்து வையுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்த விதி தனித்தேர்வராகப் பெற்ற சான்றிதழுக்கும் பொருந்துமா என்பதை, கட்டணம் கட்டும் முன்பே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். டிப்ளமோ கையில் வந்துவிட்டால், வேலையை விடாமலே பகுதிநேர பி.இ. படிக்கலாம், கோவையிலேயே அதற்கு இடமுண்டு.

அரசு வேலையும் மனதில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. தமிழக அரசுப் பணிகளுக்கும் பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்ற வரிசை பார்க்கப்படுகிறது. எனவே படிகளைத் தாண்டிக் குதிக்கச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

தனித்தேர்வர்களுக்கான அறிவிப்பு வெளியாகும் நேரத்தை உங்கள் பகுதி அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்து வையுங்கள்; அதற்குள் அந்த அனுபவச் சான்று திருத்தப்பட்டு உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.