கல்பாசிக்குப் பெயர் வைப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மரப்பட்டையிலும் பாறையிலும் பாசிபோல் படரும் லைக்கன்களை இனம் பிரித்துப் பெயரிடுவதிலேயே வாழ்நாளைக் கழித்த அறிஞர்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவாத்து முடிந்ததும் செடித் தண்டில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுக்கச் சொல்லி ஆட்களை நிறுத்துவது என் பொறுப்பாக இருந்தது. தாவரவியலில் முதுகலை முடித்த என் மகள், அந்தப் பாசியைத்தான் ஆராயப் போகிறேன் என்கிறாள்.

அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. நம் நீலகிரியின் பெயரையே தாங்கிய ஒரு லைக்கனை அவள் இரண்டு நூல்களில் காட்டினாள். பழைய நூலில் ஒரு பெயர், புதிய நூலில் வேறொரு பெயர். ஒருவர் கண் வலிக்க உழைத்து வைத்த பெயரை நூறு ஆண்டு கழித்து இன்னொருவர் மாற்றிவிட முடியும் என்றால், முதலாமவரின் உழைப்பில் எஞ்சுவது என்ன? போதாக்குறைக்கு, இப்போது மரபணுவை வாசிக்கும் கருவிகள் வந்துவிட்டன என்கிறார்கள். இனியும் ஒரு மனிதர் பூதக்கண்ணாடியுடன் மரம் மரமாகப் போய் நிற்க வேண்டுமா? உங்கள் மனத்தில் உள்ளதை எழுதுங்கள்.

க., கோத்தகிரி

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் காட்டிய அந்த இரண்டு பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன். பழைய நூலில் பார்மீலியா நில்கெரென்சிஸ் என்றும், புதிய நூலில் பார்மோட்ரீமா நில்கெரென்சே என்றும் இருந்திருக்கும். அது உங்கள் கண்ணில் பலமுறை பட்டிருக்கக்கூடிய பொருள்தான். அகன்ற மடல்கள், மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் கருமை, மடலின் ஓரங்களில் கண்ணிமை மயிர்போல் கரிய இழைகள், முதிர்ந்தவற்றில் நடுவே துளை விழுந்த சிறு கிண்ணங்கள். செட்டிநாட்டுச் சமையலில் கல்பாசி என்று தாளிப்பில் போடுவது இதையும் இதன் நெருங்கிய உறவினங்களையும்தான். பெயரில் கல் இருந்தாலும், கடைக்கு வருவதில் பெரும்பகுதி மரப்பட்டையிலிருந்து உரித்தது.

இந்த மலைகளின் லைக்கன்கள் ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்தது இருநூறு ஆண்டுகளுக்குள்தான். பெரோத்தே என்ற, சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் நீலகிரியில் திரட்டி அனுப்பிய பாசிகளையும் பூஞ்சைகளையும் லைக்கன்களையும், ராணுவ மருத்துவராக இருந்து தாவரவியலுக்கு வந்த கமிய் மொந்தாஞ் ஆராய்ந்து, நீலகிரியின் பூவாத் தாவரங்கள் என்று பொருள்படும் லத்தீன் தலைப்பில் 1842இல் வெளியிட்டார். அதற்குப் பின் 1869இல், பின்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர், நாம் பேசிக்கொண்டிருக்கும் லைக்கனுக்குப் பார்மீலியா நில்கெரென்சிஸ் என்று பெயரிட்டார்.

நைலாண்டரைப் பற்றி நீங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதில் அடங்கியிருக்கிறது. அவர் அந்தப் பெயரை வெளியிட்ட அதே காலகட்டத்தில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வெண்டனர், லைக்கன் என்பது ஒற்றை உயிரே அல்ல, ஒரு பூஞ்சையும் பச்சையமுள்ள ஒரு நுண்ணிய பாசியும் சேர்ந்து நடத்தும் வாழ்க்கை என்று அறிவித்தார். பூஞ்சை உடலைக் கட்டுகிறது. அதற்குள் இருக்கும் பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இதை நைலாண்டர் ஏற்கவில்லை. 1899இல் இறக்கும்வரை ஏற்கவில்லை. உலகெங்கிலுமிருந்து வந்த லைக்கன்களை ஆராய்ந்து மிகப் பெரும் எண்ணிக்கையில் பெயரிட்ட அந்த மனிதர், தாம் பெயரிடும் பொருள் அடிப்படையில் என்ன என்பதிலேயே தவறாக இருந்தார்.

ஆனாலும் நில்கெரென்சிஸ் என்ற சொல் இன்றும் நிற்கிறது. காரணம், ஒரு பெயர் கொள்கையின்மீது கட்டப்படுவதில்லை. ஒரு பொட்டலத்தின்மீது கட்டப்படுகிறது. பெயரிடுபவர் தாம் கண்ட மாதிரியை உலர்த்தி, காகித உறையிலிட்டு, எங்கே, எவர் எடுத்தது என்று எழுதி, உலர்ந்த மாதிரிகளைப் பேணும் ஓர் உலர்தாவரகத்தில் வைக்கிறார். அந்தப் பெயர் காலமெல்லாம் அந்த மாதிரியைத்தான் குறிக்கும். நைலாண்டரின் சேகரிப்பு இன்றும் ஹெல்சிங்கியில் பேணப்படுகிறது. அவருடைய கொள்கை உதிர்ந்தது. அவர் கண்ட வேறுபாடு உதிரவில்லை. பிற்காலத்து விதிகள், லைக்கனுக்கு இட்ட பெயர் அதிலுள்ள பூஞ்சையையே குறிக்கும் என்றும், பாசிக்குத் தனிப்பெயர் உண்டு என்றும் தெளிவாக்கின. இருவர் என்பதையே மறுத்தவர் வைத்த பெயர், இன்று அந்த இருவரில் ஒருவருக்குச் சரியாகப் பொருந்தி நிற்கிறது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் நெஞ்சைத் தொடுகிற செய்தி.

அப்படியானால் பெயரின் முன்பகுதி ஏன் மாறியது? முன்பகுதி குறிப்பது பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பை. உயிர்களுக்கு இருசொல் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753இல் ஏறக்குறைய எல்லா லைக்கன்களையும் லைக்கன் என்ற ஒரே பேரினத்தில் போட்டார். அவருடைய கடைசி மாணவரும் சுவீடன் நாட்டு மருத்துவருமான எரிக் அகாரியஸ்தான் அதைப் பிரித்துப் பல பேரினங்களை அமைத்தார். 1803இல் அவர் நிறுவியது பார்மீலியா. காலப்போக்கில் இலைபோல் விரியும் லைக்கன்கள் பலவும் அதற்குள் வந்து சேர்ந்து, ஊரே ஒரு வீட்டில் குடியிருப்பது போலாயிற்று. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய மேசன் ஹேல் அந்த வீட்டைப் பிரித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். 1974இல் அவர் நம் லைக்கனைப் பார்மோட்ரீமா பேரினத்துக்கு மாற்றினார்.

மாற்றும்போது அவர் எவற்றைத் தொடவில்லை என்பதைப் பாருங்கள். நீலகிரியைக் குறிக்கும் சொல் அப்படியே இருக்கிறது. அதன் விகுதி மட்டும் மாறியது. லத்தீனில் பார்மீலியா பெண்பால், பார்மோட்ரீமா அஃறிணைப் பால் போன்றது, ஆகவே நாம் வந்தாள் என்பதை வந்தது என்று மாற்றுவதுபோல் நில்கெரென்சிஸ் நில்கெரென்சே ஆயிற்று. முழுப்பெயரை எழுதும்போது இறுதியில் நைலாண்டரின் பெயரை அடைப்புக்குறிக்குள்ளும் ஹேலின் பெயரை அதற்கு வெளியேயும் சுருக்கி எழுத வேண்டும் என்பது விதி. முதலில் கண்டவர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார், இடம் மாற்றியவர் அருகில் நிற்கிறார். தன் முன்னோரின் பெயரைச் சொல்லாமல் அவருடைய வேலையைத் திருத்த முடியாத துறை இது. எஞ்சுவது என்ன என்று கேட்டீர்கள். எஞ்ச வேண்டியது அத்தனையும் எஞ்சியிருக்கிறது என்பதே என் பதில்.

இந்த வேலை நாள்தோறும் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளின் நாட்கள் அப்படித்தான் கழியும். சில ஆண்டுகளுக்கு முன் லைக்கன் ஆய்வாளர் ஒருவருடன் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் போயிருந்தேன். அனுமதி பெற்றுச் சென்ற அந்த நாளில் பெருந்தொலைவு நடப்போம் என்று எண்ணியிருந்தேன். சோலையின் ஓரத்தில் நின்ற ஒரு காட்டுப்பூவரசு மரத்தைவிட்டு மதியம்வரை அவர் நகரவில்லை. பத்து மடங்கு பெருக்கும் கைலென்சைக் கண்ணோடு ஒட்டி, பட்டையில் முகம் படும்படி குனிந்து, எனக்கு வெறும் சாம்பல் பூச்சாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள்போல் நெளியும் கருங்கோடுகள் கொண்ட ஒன்றையும், பொடி உதிரும் ஒன்றையும், கிளையிலிருந்து நரைத்தாடியாகத் தொங்கிய உஸ்னியாவையும் எனக்குக் காட்டினார். கொஞ்சம் நீர் தெளித்து இளக்கிய பின்பே கத்தியை வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தனி உறை; உறையின்மேல் இடம், உயரம், மரம், தேதி.

அதன்பின் ஆய்வகம். கிண்ணத்தைச் சவர அலகால் கண்ணாடிபோல் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்து, உள்ளிருக்கும் வித்துகளின் நீள அகலங்களை மைக்ரானில் அளந்து குறிப்பார்கள். பிறகு வேதிச் சோதனை. பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு, வெளுப்புத்தூள் கரைசல் ஒரு சொட்டு. எது எந்த நிறமாக மாறுகிறது என்பதே சாட்சி. இந்த முறையையும் 1866இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நைலாண்டர்தான். நம் நில்கெரென்சேயின் உள்ளடுக்கில் பொட்டாஷ் மட்டும் இட்டால் மாற்றமில்லை. அதன்மேல் வெளுப்புக் கரைசலையும் இட்டால் இளஞ்சிவப்பு படரும். அலெக்டோரோனிக் அமிலம் இருப்பதற்கு அது அறிகுறி. கல்பாசியாகவே விற்கப்படும் இன்னொரு இனமான பார்மோட்ரீமா பெர்லேட்டத்தில் பொட்டாஷ் ஒன்றே போதும், மஞ்சளாகி ஆரஞ்சு நிறத்துக்குப் போகும். கடைச் சாக்கில் இரண்டும் கலந்து கிடந்தால் வியாபாரிக்கும் சமைப்பவருக்கும் அது ஒரே பொருள்தான்.

அந்தச் சாக்குதான் நான் கவலைப்படும் இடம். இவை பயிரிடப்படுபவை அல்ல. காட்டிலிருந்து உரித்து எடுக்கப்படுபவை. லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்பவை. உள்ளங்கை அளவு மடல் ஒன்று உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். உரித்தெடுக்க ஒரு கணம் போதும். சாக்கில் உள்ள அத்தனைக்கும் கல்பாசி என்ற ஒரே பெயர் இருக்கும்வரை, எந்த இனம் நிறைய இருக்கிறது, எது அருகி வருகிறது என்று எவராலும் சொல்ல முடியாது. தனியாகப் பெயர் இல்லாத ஒன்று காட்டிலிருந்து மறைந்தால், மறைந்தது என்று சொல்லக்கூட நம்மிடம் சொல் இருக்காது.

காற்றைப் பற்றியும் இதே கதைதான். வேரில்லாத லைக்கன்கள் நீரையும் உணவுச் சத்தையும் உடலின் பரப்பு முழுவதாலும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன, ஆகவே கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சும் தடையின்றி உள்ளே போகிறது. பாரிசின் லுக்சம்பர்க் தோட்டத்தில் வாழும் லைக்கன்கள் நகரின் மற்றப் பகுதிகளில் இல்லை என்று கண்டு, அவற்றைக் காற்றின் தூய்மைக்கு அளவுகோலாகக் கொள்ளலாம் என்று 1866இல் எழுதியவரும் அதே நைலாண்டர்தான். எந்த இனம் எங்கே இல்லை என்று பிரித்தறியத் தெரிந்திருந்ததால் மட்டுமே அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

மரபணுக் கருவியைப் பற்றிக் கேட்டீர்கள். அது இந்தத் துறைக்குப் பெரும் வரம். உங்கள் மகள் அதையும் கட்டாயம் கற்க வேண்டும். ஆனால் கருவி தருவது நான்கு எழுத்துகளின் நீண்ட வரிசை. அந்த வரிசை எந்த இனத்துடையது என்று சொல்ல, சரியாக இனம் கண்ட ஒரு மாதிரியிலிருந்து எடுத்த வரிசை முன்பே இருந்தாக வேண்டும். முதல் மாதிரியைத் தவறாகக் கண்டிருந்தால் கருவி அந்தத் தவறையே திரும்பத் திரும்பச் சொல்லும். இன்னொன்றும் உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்தில் நெடுங்காலம் ஒரே இனம் என்று கருதப்பட்ட கோரா என்ற லைக்கனை மரபணு வழியே ஆராய்ந்த ராபர்ட் லூக்கிங்கும் உடன் ஆய்வாளர்களும், அதற்குள் குறைந்தது 126 இனங்கள் இருப்பதாக 2014இல் வெளியிட்டார்கள். கருவி வந்தால் பெயரிடுபவரின் வேலை குறையும் என்று நினைக்கிறோம். அங்கே ஒன்றாக இருந்த வேலை நூற்றுக்கு மேல் பெருகிவிட்டது.

பிழைப்பைப் பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை என்றாலும் அந்தக் கவலை கடிதத்தில் இருக்கிறது. மழுப்பாமல் சொல்கிறேன்: இந்தத் துறையில் வேலைகள் குறைவு, காத்திருப்பு நீளம். ஆயினும் அவள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. லக்னோ பல்கலைக்கழகத்தில் இருந்த தரணி தர் அவஸ்தி, இந்திய லைக்கன்களை இனம் காண்பதற்கான வழிகாட்டிகளைப் பெரிய வகைகளுக்கு 1988இலும் நுண்வகைகளுக்கு 1991இலும் வெளியிட்டார். இன்றும் இந்தியாவில் லைக்கன் பொட்டலத்தைப் பிரிக்கும் மாணவரின் மேசையில் அவை இருக்கும். 2011இல் அவர் மறைந்தார். அவருடைய மாதிரிகள் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கின்றன. புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் பெரிய சேகரிப்பு உண்டு, சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் லைக்கன் ஆய்வு நடந்திருக்கிறது. 2010இல் வெளிவந்த இந்திய லைக்கன் பட்டியலில் 2,300க்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றன. பட்டியலில் ஏறாதவை நம் சோலைகளில் இருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

கவாத்துக்குப் பின் பாசியைச் சுரண்டச் சொன்னதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பணி. அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: லைக்கன் செடியின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அதன் உணவை அதற்குள் இருக்கும் பாசியே தயாரிக்கிறது. தண்டும் பட்டையும் அதற்கு நிற்க இடம் மட்டுமே.

உங்கள் மகள் கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலைக்குள் போய் எடுப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். அதுவரை உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சில்வர் ஓக் மரங்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். காற்றில் முறிந்து விழுந்த கிளைகளே முதல் மாதத்துக்குப் போதும். பழைய செய்தித்தாளில் உறை மடித்து, ஒவ்வொன்றின்மேலும் இடத்தையும் உயரத்தையும் தேதியையும் அவள் எழுதட்டும். எந்த மரத்தில் இருந்தது என்ற வரியை அவள் உங்களிடம் கேட்டு எழுத வேண்டும். பட்டையை மட்டும் பார்த்து மரத்தைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் நீங்கள்தான்.

அன்புடன்,
ஆசிரியர்