கடைசிப் பல்லவியில் சுருதி அரைக்கட்டை ஏறும்போது

மண்டபம் ஊரிலிருந்து எழுதிய நண்பருக்கு வணக்கம். அனிமே பாடலொன்றை வயலினில் 2 கட்டைச் சுருதியில் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) வாசிக்கையில், கடைசிப் பல்லவி அரைக்கட்டை, அதாவது ஓர் அரைச்சுரம், ஏறும் இடத்தில் மட்டும் அபசுரம் ஒலிக்கிறது என்றும், அதற்காகத் தந்திகளின் சுருதியை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். கடற்காற்றின் ஈரத்தில் பிருடைகள் (தந்திகளை முறுக்கும் முளைகள்) ஊதி இறுகும் நம் ஊர்ப்பக்கத்தில், ஒருமுறை சேர்த்த சுருதியைக் காப்பதே பெரும்பாடு.

இந்தச் சுருதி ஏற்றம் கிரகபேதம் அன்று. கிரகபேதத்தில் சுரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆதார சுரமான ஷட்ஜம் (ச) மட்டும் இடம் மாறும். இங்கோ, நீங்கள் குறிப்பிட்ட சங்கராபரண ராகத்தின் சுரங்கள் அனைத்தும் இரண்டரைக் கட்டைக்குப் பெயர்கின்றன. அதனால் ச-ப-ச-ப என்று சேர்த்த வயலினில், விரல் வைக்காத ஷட்ஜத் தந்தி புதிய சுருதிக்குக் காகலி நிஷாதமாகிறது (ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே உள்ள நி). பஞ்சமத் (ப) தந்தியோ பிரதி மத்திமமாகி (ம-வின் உயர்ந்த வடிவம்), ராகத்துக்கே அந்நியமாகிவிடுகிறது. உங்கள் காதை உறுத்துவது பெரும்பாலும் இந்தப் பஞ்சமத் தந்திதான்.

ஆகவே அவ்விடத்திலிருந்து எல்லாச் சுரங்களையும் விரல் வைத்தே வாசியுங்கள். பழைய ஷட்ஜத்தைச் சற்று நீட்டி, அதையே நிஷாதமாக மனத்தில் கொண்டு, அரைச்சுரம் ஏறிப் புதிய ஷட்ஜத்தில் கமகமின்றி, அதாவது சுரத்தை அசைக்காமல், நில்லுங்கள். ஏற்றத்துக்கு முந்தைய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) புதிய சுருதியின் பஞ்சமத்தின்மேல் அமைந்திருந்தால், அந்த நிஷாதம் அதில் இயல்பாகவே பொருந்தும்.

தம்பூரா செயலியை ஓடவிட்டு வாசிப்பவரானால், அந்த இடத்தில் அதை நிறுத்திவிடுங்கள்; அது பழைய சுருதியிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். நானே இதைக் கவனிக்காமல் பல நாள் விரல்களைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.