பக்கத்து வீட்டுப் பண்டமாற்று: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் எனக்கும் பழைய சாமான்களில் ஆர்வம். ஆளுக்கொரு பக்கம் அலைந்து எடுத்து வருவதில், தனக்கு வேண்டாததை மற்றவருக்குக் கொடுத்து மாற்றிக்கொள்வோம். காசு புழங்குவதில்லை. போன மாதம் என்னிடம் இருந்த ஓடாத பெண்டுலம் கடிகாரத்தைக் கொடுத்து, அவரிடமிருந்து ஒரு கைத் தையல் மிஷினை வாங்கினேன். மிஷின் சுற்றுகிறது. ஆனால் தைத்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டுகொள்கிறது. இதற்கிடையில் அவர் அந்தக் கடிகாரத்தை ஓடவைத்து நல்ல விலைக்கு விற்றுவிட்டார் என்று தெரிந்தது. ஏமாந்துவிட்டேனோ என்று மனது அரிக்கிறது. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இப்போது ஒரு சைக்கிளைத் தருகிறேன், உன் மரப் புத்தக அலமாரியைக் கொடு என்கிறார். மாற்றலாமா? இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாந்தீர்களா என்பதைப் பிறகு பேசலாம். முதலில் மிஷினைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் சொல்வது மிஷினின் கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம்.

அடியில் நூல் சுருண்டால் எல்லோருக்கும் பாபின் (அடிநூல் சுற்றிய சின்ன உருளை) மேல்தான் சந்தேகம் வரும். பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல். மேல்நூல், நூலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போக வேண்டும். துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும். அந்த நிலையில் நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு இடையில் நுழையாமல் விளிம்பிலேயே கிடக்கும். கீழேயிருக்கும் கொக்கி தன் இஷ்டத்துக்கு நூலை இழுத்துக்கொள்ளும், நூல் தூக்கும் கை அதைத் திரும்ப இறுக்க முடியாமல் போகும். மிச்ச நூல் துணிக்கு அடியில் கொத்தாக நிற்கும்.

பாதத்தைத் தூக்குங்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி நூல் தூக்கும் கையை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். நூலை முழுவதும் உருவிவிட்டுப் புதிதாகக் கோத்துவிடுங்கள். ஊசியில் நூல் நுழைப்பதற்கு முன் ஒரு சோதனை: பாதம் மேலே இருக்கும்போது நூலை இழுத்தால் தாராளமாக வர வேண்டும், பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் பிடிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை, அல்லது தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கிறது. ஒரு மெல்லிய துணியின் மடித்த ஓரத்தைத் தட்டுகளுக்கு நடுவே நாலைந்து முறை இழுத்தால் பஞ்சு வந்துவிடும். மிகப் பழைய சில மிஷின்களில் பாதத்தைத் தூக்கினாலும் தட்டுகள் தளராது. அவற்றில் நூலை இரு கையாலும் பிடித்துக் கொஞ்சம் அழுத்தித்தான் உள்ளே விட வேண்டும்.

கூடவே ஊசியை மாற்றிவிடுங்கள். பழைய மிஷினோடு வரும் ஊசி எத்தனை வருடமாக அதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புது ஊசி வாங்கும்போது பழையதோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பருத்தித் துணிக்கு 14ஆம் எண் ஊசி சரியாக இருக்கும். ஊசியின் ஒரு பக்கம் நீள வாய்க்கால் ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் வாய்க்கால் இருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் தையல் விட்டுவிட்டு விழும், அல்லது விழவே விழாது.

இவ்வளவுக்குப் பிறகும் சுருண்டால் பாபின் கேஸை, அதாவது பாபின் உட்காரும் சின்ன உறையைப் பாருங்கள். நூலின் நுனியைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. கையை லேசாக வெடுக்கென்று அசைத்தால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தானாகச் சரசரவென்று இறங்கினால் அதன் பக்கவாட்டில் உள்ள சின்னத் திருகை வலப்பக்கம் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் மறுபடி பாருங்கள். அந்தத் திருகு எள் அளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் கிடைக்காது, ஆகவே ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். சக்கரம் கனமாகச் சுற்றினால் யாரோ சமையல் எண்ணெய் விட்டிருக்கலாம். அது காற்றுப்பட்டுப் பிசினாக இறுகிவிடும். எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு (பக்கத்தில் தீ இருக்கக் கூடாது) சில நிமிடம் சுற்றி, கசியும் அழுக்கைத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் துளைக்கு ஒரு சொட்டு விடுங்கள். மண்ணெண்ணெயோடு அப்படியே விட்டுவிடக் கூடாது, அது எண்ணெயைக் கழுவுமே தவிர உராய்வைத் தடுக்காது.

எல்லாம் பார்த்தும் தைக்கவில்லை என்றால் அண்ணனிடம் போங்கள். “தைக்கவே மாட்டேங்குது” என்று ஆரம்பிக்காமல், “அண்ணே, நீங்க தைச்சுப் பாத்தப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவர் தைத்தே பார்க்கவில்லை என்றால் அதை அவரே சொல்லிவிடுவார். தெரிந்தே மறைத்ததும் தெரியாமல் கொடுத்ததும் ஒன்றல்ல. அந்த ஒரு கேள்வியில் எது என்று விளங்கிவிடும்.

அடுத்து கடிகாரம். உங்களுக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது, ஆனால் இதில் நான் அண்ணன் பக்கம்தான் நிற்பேன். கைமாறிய பொருளை அவர் விற்கலாம், எரிக்கலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஓடாத கடிகாரத்தை ஓடவைத்தது அவர் வேலை. பெண்டுலம் கடிகாரம் நிற்பதற்குப் பல நேரம் பெரிய காரணம் இருக்காது. சுவரில் நேராக மாட்டியதுபோல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒரே அளவாக இராது, நொண்டி அடித்து நின்றுவிடும். அடிப்பாகத்தை நூலளவு இடமோ வலமோ நகர்த்தி, சத்தம் சீரானதும் அங்கேயே நிறுத்தினால் ஓடத் தொடங்கிவிடும். இது அவருக்குத் தெரிந்திருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. அந்த அறிவுக்குக் கிடைத்த பணம் அது. விற்கப்படக் கூடாது என்று நினைக்கும் பொருளாக இருந்தால் மாற்றும்போதே “விற்கறதா இருந்தா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க, ஆறு மாசத்துக்கு” என்று சொல்லிவிட வேண்டும். காலவரம்பு இல்லாமல் சொன்னால் அவர் கையில் இருப்பது பாதிப் பொருள்தான்.

மாற்றலாமா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது? இரண்டும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இவ்வளவு மனவருத்தமும். அப்படி இருக்கத் தேவையில்லை. சமமாக இருந்தால் மாற்றுவதற்கே காரணம் கிடையாது. உங்களிடம் இருப்பதைவிட அவருடையது உங்களுக்கு அதிகம் வேண்டும், அவருக்கு உங்களுடையது அதிகம் வேண்டும். இது போதும்.

இதைச் சோதிக்க எளிய வழி துண்டுச்சீட்டு. இருவரும் தனித்தனியே, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், இரண்டு பொருளுக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். கடிகாரம் உங்களுக்கு 3, அவருக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். மிஷின் உங்களுக்கு 7, அவருக்கு 2. மாற்றினால் இருவருக்கும் லாபம். மிஷினுக்கு பாபின் கேஸ் இல்லை என்று முன்பே தெரிந்து உங்கள் 7 வெறும் 4 ஆகியிருந்தாலும் மாற்றியிருக்கலாம், 3ஐவிட அது பெரிது. ஆக குறையுள்ள மிஷினை வாங்கியது உங்களுக்கு நஷ்டமாக இருக்க வேண்டியதில்லை. சொல்லாமல் கொடுத்திருந்தால், அந்தச் சொல்லாமைதான் உறுத்துகிறது. எனவே எண் எழுதுவதற்கு முன்னால் குறைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாற்ற வேண்டிய உதிரிபாகம் என்ன, கிடைக்குமா, எத்தனை மணி நேர வேலை என்பதைக் கழித்த பிறகுதான் எண் போட வேண்டும்.

எண் போடும்போது ஒன்று குறுக்கே வரும். கையில் இருப்பது எப்போதும் உசத்தியாகத் தெரியும். பொருளாதார அறிஞர் ஜாக் நெட்ச் 1989இல் வெளியிட்ட ஆய்வு பண்டமாற்றைப் பற்றியதுதான் என்றே சொல்லலாம். சிலருக்கு ஒரு காப்பிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். 89 சதவீதம் பேர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். வேறு சிலருக்கு முதலில் சாக்லேட்டைக் கொடுத்தார். அவர்களில் 90 சதவீதம் பேர் சாக்லேட்டை விடவில்லை. எதையும் முன்கூட்டிக் கொடுக்காமல் இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னபோது 56 சதவீதம் பேர் கோப்பையை எடுத்தார்கள். பொருள் அதேதான், முதலில் யார் கையில் இருந்தது என்பதுதான் மாறியது.

இதற்கு நான் சொல்லும் மருந்து, மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் மாற்றி வைத்துப் பார்ப்பது. அவர் பொருள் உங்கள் வீட்டில், உங்களுடையது அவர் வீட்டில். ஏழாம் நாள் சீட்டு எழுதுங்கள். அந்த வாரத்தில் எதையும் கழற்றக் கூடாது, வண்ணம் பூசக் கூடாது, உடைந்தால் வைத்திருப்பவர் பொறுப்பு. யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாரம் முடிந்து சரி என்றால் அதன்பின் பேச்சில்லை. பக்கத்து வீடு என்பதால்தான் இது சாத்தியம், முகம் தெரியாதவரிடம் முடியாது.

ஒரு பக்கம் மதிப்பு குறைவாகத் தெரிந்தால் சரிக்கட்டுவதற்காகக் கூடவே இன்னும் இரண்டு சாமான்களைத் திணிக்காதீர்கள். அவை அவர் வீட்டில் மூலையில் கிடந்து அவருக்கே பாரமாகும். உழைப்பால் ஈடுகட்டலாம், ஒரு கதவுக் கீலை மாற்றித் தருவது போல. அல்லது அடுத்த முறைக்கு விட்டுவிடலாம். எனக்கு வேண்டியது உங்களிடமும் உங்களுக்கு வேண்டியது என்னிடமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பண்டமாற்றின் பெரிய முட்டுக்கட்டை என்று பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1875இலேயே எழுதினார். அண்டை வீட்டாருக்கு அந்த முட்டுக்கட்டை பாதிதான், நாளையும் அதே ஆள் அதே வாசலில் இருப்பார். ஒரு நோட்டில் தேதி, கொடுத்தது, சொன்ன குறை, பாக்கி இருந்தால் அது என்ன என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். மதிப்பை எழுத வேண்டாம், அது ஒரு வருடம் கழித்து எடுத்துப் படித்துச் சண்டை போடத்தான் உதவும்.

எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாதவையும் உண்டு. அடிபட்ட ஹெல்மெட்டின் உள் நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியே தெரியவும் தெரியாது. பேட்டரி உப்பிய போன், அடிப்பாகம் புடைத்த குக்கர், யாருடைய மெத்தையாக இருந்தாலும் மெத்தை. இவற்றை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

இப்போது சைக்கிள். முதலில் ஃபிரேமின் முன்கழுத்துப் பகுதியில், குழாய்கள் சேரும் இடத்தில், பெயிண்ட் வளையமாக விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். பிறகு செயினை அளவுகோலால் அளங்கள். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், தேயாத செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு அப்படியே விழும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பின்பக்கப் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் ஏற்றத்தில் மிதிக்கும்போது வழுக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தால் கோணல் தெரியும். கடைசியாக சீட்டுக் கம்பைத் தளர்த்தி ஏற்றி இறக்கிப் பாருங்கள். துருவில் இறுகிப்போன கம்பை எடுப்பது பெரிய பாடு, அண்ணனின் உயரமும் உங்கள் உயரமும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த சைக்கிள் உங்களுக்கு உதவாது.

உங்கள் அலமாரியையும் அதே கண்ணால் பாருங்கள். புத்தகங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பூச்சித் துளைகள் இருக்கும் தட்டுக்குக் கீழே கறுப்புக் காகிதம் விரித்து, பலகையைக் கையால் நன்றாகத் தட்டி, பழைய தூளைத் துடைத்துவிட்டு மூன்று நாள் விடுங்கள். நாலாம் நாள் காகிதத்தில் வெளிறிய புதுத் தூள் விழுந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்படியானால் அலமாரியை அவர் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், அந்தக் காகிதத்தை எடுத்துப் போய் அவரிடம் காட்டுங்கள். அவர் வீட்டு மரச்சாமான்களையும் சேர்த்து யோசித்து அவர் முடிவு செய்யட்டும்.